நூலக வேலைக்காகப் பேஸ்புக், வட்ஸ்அப், மெய்நிகர் உலகம்: எதில் இறங்குவது?

நெடுங்கேணியாள்:

வணக்கம். வன்னியில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் உதவியாளராக வேலை செய்கிறேன். இரவல் மேசையில் புத்தகம் கொடுப்பதும் திரும்ப வாங்குவதும், நூலகப் பட்டியல் மென்பொருளான கோகாவில் எப்படித் தேடுவதென்று புதிய பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுப்பதும்தான் என் அன்றாடம். இந்த வருடம் நூலகர் இன்னொரு பொறுப்பையும் தந்தார். "பிள்ளைகள் கூடும் இடத்தில் நூலகமும் இருக்க வேண்டும். சமூக வலைத்தளங்களையும் இந்த மெய்நிகர் உலகங்களையும் சுற்றிப் பாருங்கள். எதில் இறங்கலாம் என்று எழுதித் தாருங்கள்" என்றார். என் அறிக்கை நூலகக் குழுவுக்குப் போகும். அதற்கு முன் அனுபவம் உள்ளவர்களிடம் கேட்டுவிட விரும்புகிறேன்.

எங்கள் பிள்ளைகள் செட்டிகுளத்திலிருந்தும் புதுக்குடியிருப்பிலிருந்தும் வருகிறார்கள். அநுராதபுரத்திலிருந்தும் மாத்தறையிலிருந்தும் வருகிறார்கள். நூலகத்துக்கு ஏற்கெனவே பேஸ்புக்கில் ஒரு பக்கம் உண்டு. அதில் விருப்பம் இடுகிறவர்கள் பெரும்பாலும் படித்து முடித்துப் போனவர்களும் பெற்றோரும். முதலாம் வருடப் பிள்ளைகள் அந்தப் பக்கம் எட்டியும் பார்ப்பதில்லை. அவர்களுடைய பொழுதுபோக்கு டிக்டொக்கிலும் இன்ஸ்டகிராமிலும். பாடக்குறிப்பு, நேர அட்டவணை, யாரிடம் எந்தப் புத்தகம் இருக்கிறது என்பதெல்லாம் வட்ஸ்அப் குழுக்களில். தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு குழு, சிங்களப் பிள்ளைகளுக்கு ஒரு குழு, எல்லோருக்குமாக ஆங்கிலத்தில் இன்னொன்று. அந்தப் பொதுக் குழுவில்தான் பேச்சு ஆகக் குறைவு.

வட்ஸ்அப்பில் என்னை உறுத்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். முதலாம் வருடப் பிள்ளை ஒருத்தி, கண்ணாடி வெடித்த கைத்தொலைபேசியை மேசையில் வைத்து, "மிஸ், இந்த நம்பர்களை எப்படி நிறுத்துவது?" என்று கேட்டாள். முன்பின் தெரியாத இலக்கங்களிலிருந்து இரவில் வந்த செய்திகள் வரிசையாகக் கிடந்தன. வகுப்புக் குழுவில் சேர்ந்த அன்றே அவளுடைய இலக்கம் எல்லோர் கையிலும் போய்விட்டது. ஒவ்வொன்றாகத் தடுத்துக் கொடுத்தேன். குழுவை விட்டு வெளியேறினால் பரீட்சை அறிவித்தல் கிடைக்காது. இருந்தால் இந்தத் தொல்லை. இப்படி ஓர் இக்கட்டுக்குள் நூலகமும் தன் பங்குக்கு ஒரு குழுவைத் தொடங்கிப் பிள்ளைகளை இழுத்துவிடுவதா?

அடுத்தது என் சொந்தக் கணக்கு. பேஸ்புக் பக்கத்தை நடத்த ஒருவருடைய தனிக் கணக்கு வேண்டும். இப்போது அது என்னுடையதாக இருக்கிறது. பிள்ளைகள் என்னைக் கண்டுபிடித்து நட்பு வேண்டுகோள் அனுப்புகிறார்கள். இரவு பதினொரு மணிக்கு, "மிஸ், புத்தகத்தைப் புதுப்பிக்க முடியுமா?" என்று கேட்கிறார்கள். அன்போடுதான் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கணக்கில் என் வீடு இருக்கிறது. என் பிள்ளைகளின் படங்கள் இருக்கின்றன. மே மாதத்தில் என் தம்பியின் படத்தைப் போட்டு இரண்டு வரி எழுதுவேன். அது உறவுகளுக்கு உரியது. நூலக அறிவித்தலுக்குப் பக்கத்தில் அது நிற்பதை நான் விரும்பவில்லை. அலுவலகத்தில் ஒருவர், "அப்படியானால் எழுதாமல் விடுங்கள்" என்றார். விட மாட்டேன். இரண்டையும் பிரித்து வைக்கும் வழியைத்தான் தேடுகிறேன்.

மெய்நிகர் உலகத்துக்கு வருகிறேன். உசாத்துணைப் பகுதிக் கணினியில் செகண்ட் லைஃப் நிறுவினேன். கணக்குத் தொடங்கப் பணம் கேட்கவில்லை. நம் உருவம் ஒன்றை வைத்துக்கொண்டு நடக்கலாம், பறக்கலாம், எதிரே வருகிறவரோடு கதைக்கலாம். எங்கள் கணினியில் சுவர்கள் நீண்ட நேரம் சாம்பல் நிறமாகவே நின்று, மெல்ல மெல்லத்தான் நிறம் ஏறியது. யாரோ பாடுபட்டுக் கட்டிய ஒரு நூலகத்துக்குள் போனேன். அலுமாரியில் ஒரு புத்தகத்தைத் தொட்டால் இணையப் பக்கம் ஒன்று திறக்கிறது. நாற்காலிகள் அழகாகப் போடப்பட்டிருந்தன, ஆட்களைத்தான் காணவில்லை. புத்தகம் வாசிக்க எவரும் அங்கே போகமாட்டார்கள் என்று எனக்கு உடனே விளங்கியது. ஆனால் வெளியே ஒரு தீவின் ஓரமாக நடந்தபோது வேறொன்று தோன்றியது. எங்கள் ஊர்க் குளத்தை இப்படிக் கட்டலாமே! கட்டு, வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் துருசு, மிகுதி நீர் வழியும் வான், கீழே வாய்க்கால், வயல்களின் பெயர்கள். விவசாயம் படிக்கும் பிள்ளைகள் துருசைப் படத்தில்தான் பார்க்கிறார்கள். அதைத் திறந்து மூடிய மனிதர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் வயது போகிறது.

இப்படி ஒன்றுக்கு நேரம் செலவழிப்பது நியாயமா? எங்கள் கணினிகள் தாங்குமா? குழுவினரிடம் என்ன சொல்லி ஒப்புதல் வாங்கலாம்?

மாரிமழை:

தங்கச்சி, நான் கிளிநொச்சியைச் சேர்ந்தவன். நீண்ட காலமாக நோர்வேயில் ஒரு பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்பப் பிரிவில் வேலை. நீங்கள் நடந்து பார்த்த உலகத்துக்கு ஒரு வரலாறு உண்டு. உங்கள் குழுவுக்கு அது உதவும்.

செகண்ட் லைஃப் 2003இல் பொதுமக்களுக்குத் திறந்தது. 2006இல் ஹார்வர்ட் சட்டப் பள்ளி ஒரு பாடநெறியின் வகுப்புகளை அங்கேயும் நடத்தியது. அதே வருடம் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்து நூலகக் கூட்டமைப்பு ஒன்று அங்கே நூலகம் தொடங்கியது. அதன்பிறகு பல்கலைக்கழகங்கள் போட்டி போட்டுத் தீவு வாங்கின. நாங்களும் கூட்டங்களில் அதைப் பற்றியே பேசினோம். அப்போது தீவாக அமையும் ஒரு முழுப் பிரதேசத்துக்கு மாத வாடகை 295 அமெரிக்க டொலர். கல்வி நிறுவனங்களுக்கு அதில் பாதிதான். 2010 ஒக்டோபரில் அந்தச் சலுகையை நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்தது. 2011 ஜனவரியிலிருந்து நடைமுறைக்கு வந்தது. பலர் கட்டியதை விட்டுவிட்டு வெளியேறினார்கள். 2013இல் சலுகையைத் திரும்பத் தந்தார்கள், ஆனால் போனவர்களில் எல்லோரும் திரும்பவில்லை.

செகண்ட் லைஃப் இன்றும் நடக்கிறது, அதுவே பெரிய விடயம். இதே மாதிரி உலகமான கூகுளின் லைவ்லி 2008 ஜூலையில் வந்து அந்த வருட முடிவிலேயே மூடப்பட்டது. மைக்ரோசொப்டின் ஓல்ட்ஸ்பேஸ் 2023 மார்ச்சில் மூடப்பட்டது. மொசில்லா நடத்திவந்த ஹப்ஸ் சேவை 2024 மே 31இல் நின்றது. பேஸ்புக் நிறுவனம் 2021 ஒக்டோபரில் மெட்டா என்று பெயரையே மாற்றிக்கொண்டு இறங்கியபோது உலகமே மெய்நிகர் தலைக்கவசம் மாட்டிக்கொள்ளும் என்றார்கள். நீங்கள் உங்கள் இரவல் மேசையில் இருந்து பாருங்கள், அப்படி ஒரு பிள்ளையாவது வந்தாளா?

ஆகவே என் ஆலோசனை ஒன்றுதான். மாத வாடகை கேட்கும் எதிலும் அரச பணத்தைப் போட வேண்டாம். குளத்தைக் கட்டுங்கள், ஆனால் உங்கள் சொந்தக் கணினி வட்டில் கட்டுங்கள். தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் விளக்குவார்கள்.

தம்பியின் படத்தை உங்கள் கணக்கிலிருந்து நீக்காதீர்கள்.

துருசுக்காரன்:

அக்கா, நான் கிளிநொச்சியில் கணினிப் போதனாசிரியர். என் அப்பா கமக்காரர். இந்தப் பெயரை வைத்துக்கொண்டு உங்கள் கேள்வியைக் கடந்துபோக முடியவில்லை.

செகண்ட் லைஃபைப் போலவே இயங்கும் ஓபன்சிமுலேட்டர் என்ற மென்பொருள் 2007இலிருந்து இருக்கிறது. இலவசம், மூலநிரலும் திறந்தது. உங்கள் நூலகத்தில் ஒரு கணினியையே வழங்கியாக வைத்து, உள் வலையமைப்பில் மற்றக் கணினிகளை இணைக்கலாம். வெளி இணையம் தேவையில்லை. டேட்டா ஒரு சதமும் போகாது. ஒரு பிரதேசம் 256 மீற்றருக்கு 256 மீற்றர். சிறிய குளம் ஒன்றின் கட்டும் துருசும் வானும் அதற்குள் அடங்கும், நீர் பரவும் அலைகரை முழுவதும் அடங்காது. கட்டி முடித்த பிரதேசத்தை நிலம், கட்டடம், படங்கள் எல்லாவற்றோடும் ஒரே கோப்பாகச் சேமித்து வைக்கலாம். ஆனால் பார்ப்பதற்கான மென்பொருளுக்கு ஓரளவு நல்ல வரைகலை அட்டை வேண்டும். சாம்பல் சுவர் நீண்ட நேரம் நின்றது என்கிறீர்கள். அதற்கு இணைப்பும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனாலும் உங்கள் கணினிகளை ஒருமுறை பார்க்காமல் நான் உறுதி தரமாட்டேன்.

பழைய கணினிகளுக்கு லுவான்டி பொருந்தும். 2024 வரை மைன்டெஸ்ட் என்ற பெயரில் இருந்ததுதான். கட்டிகளை அடுக்கிக் கட்டும் உலகம். என்னிடம் உள்ள மிகப் பழைய மடிகணினியிலும் ஓடுகிறது. நீங்கள் கட்டும் உலகம் முழுவதும் ஒரு கோப்புறையாக வட்டில் இருக்கும். பென்டிரைவில் பிரதி எடுத்து இன்னொரு கணினியில் போட்டால் அங்கேயும் அதே குளம்.

ஒரு குறையை முன்கூட்டியே சொல்கிறேன். லுவான்டியில் தண்ணீர் உண்மைத் தண்ணீரைப் போல நடக்காது. ஊற்றுக் கட்டி வற்றாது. ஓடும் நீர் சமதரையில் சில கட்டிகள் தூரம் போய் நின்றுவிடும். துருசைத் திறந்தால் குளத்து மட்டம் இறங்காது. அதைக் காட்டித்தான் நீர்ப்பாசனம் படிப்பிக்க வேண்டுமென்றால் தனியாக நிரல் எழுத வேண்டும். 2018 டிசம்பர் வெள்ளத்தில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டதைக் கண்ட எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் அசையாத தண்ணீரைக் காட்டினால் ஏற்றுக்கொள்ளமாட்டார்கள். எது எங்கே இருக்கிறது, அதற்கு என்ன பெயர், எதைத் தொட்டால் யாருடைய குரலில் விளக்கம் வரும் என்பதற்கு இது போதும். நீரோட்டக் கணக்குக்கு வேறு மென்பொருள் இருக்கிறது.

குழுவினரிடம் சொல்ல ஓர் உதாரணம்: எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பு 2020 மார்ச்சில் மைன்கிராப்ட் விளையாட்டுக்குள் ஒரு நூலகம் கட்டியது. சில நாடுகளில் தடைசெய்யப்பட்ட கட்டுரைகள் அதற்குள் புத்தகங்களாக இருக்கின்றன. செய்தித்தளங்கள் முடக்கப்பட்ட இடத்திலும் விளையாட்டு திறந்தே இருக்கும் என்பதுதான் காரணம். ஏன் அந்த இடத்தில் கட்ட வேண்டும் என்பதற்கு அவர்களிடம் தெளிவான விடை இருந்தது. உங்களிடமும் இருக்கிறது.

மூன்றாம் வருடத்தவன்:

மிஸ், நீங்கள் எந்தப் பல்கலைக்கழகம் என்று எனக்குத் தெரியாது, நானும் சொல்லப்போவதில்லை. மாணவன் பக்கத்திலிருந்து பேசுகிறேன். மரியாதைக் குறைவாக எடுக்க வேண்டாம். எங்கள் குழுக்களுக்குள் வராதீர்கள்.

அலுவலர் ஒருவர் குழுவில் சேர்ந்த நிமிடமே பேச்சு நின்றுவிடும். எல்லோரும் இன்னொரு குழுவைத் தொடங்கிக்கொண்டு போய்விடுவார்கள். நல்ல எண்ணத்தோடு வந்தாலும் யார் என்ன பேசுகிறார்கள் என்று பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள் என்றே நினைப்பார்கள்.

அதேநேரம் உங்களிடம் வந்த அந்தப் பிள்ளையின் விடயத்தை இலேசாக விடாதீர்கள். புதியவர்களை இரவில் குழு அழைப்பில் இருத்தி வைத்து, பாடு என்றும் திட்டு என்றும் சொல்வது நடக்கிறது. முன்பு விடுதிப் பின்புறத்தில் நடந்த பகிடிவதைதான் இப்போது தொலைபேசிக்குள் வந்திருக்கிறது. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் உடலைத் தொட்டால் மட்டும்தான் குற்றம் என்று சொல்லவில்லை. மனதுக்குத் தீங்கு செய்வதையும் அச்சுறுத்துவதையும் அது சேர்த்தே சொல்கிறது. இலக்கத்தைத் தடுப்பதற்கு முன் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பிறகு முறைப்பாடு செய்ய அதுதான் சான்று.

அறிவித்தலுக்கு வட்ஸ்அப் சேனல் போதும். 2023இலிருந்து இருக்கிறது. பின்தொடர்பவர்களின் இலக்கம் ஒருவருக்கொருவர் தெரியாது. நூலகம் சொல்லும், நாங்கள் வாசிப்போம், எங்களுக்கு வேண்டியதை எங்கள் குழுக்களுக்கு நாங்களே அனுப்பிக்கொள்வோம். சிங்களத்திலும் போடுங்கள். என் அறைத் தோழன் காலியைச் சேர்ந்தவன். பரீட்சைக் காலத்தில் நூலகம் எத்தனை மணி வரை என்று ஒவ்வொரு தடவையும் என்னிடம்தான் கேட்கிறான்.

குளம் நல்ல யோசனை. கட்ட ஆள் தேவையென்றால் மாணவர்களைக் கூப்பிடுங்கள். அறிவித்தல் வாசிக்க வராதவன் கட்டி அடுக்க வருவான்.

நெடுங்கேணியாள்:

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. தம்பி, நீங்கள் சொன்னதில் எனக்கு ஒரு மரியாதைக்குறைவும் தெரியவில்லை. குழுக்களுக்குள் வரமாட்டோம். சான்று எடுத்து வைக்கும் விடயத்தை அந்தப் பிள்ளையிடம் நாளைக்கே சொல்கிறேன். அவள் விரும்பினால் மாணவ ஆலோசகரிடம் கூடவே போவேன்.

அறிக்கையில் நான் எழுதப்போவது இதுதான். சேனல் ஒன்று, மூன்று மொழியிலும். அதை ஒரு தனி ஆளின் தொலைபேசியில் தொடங்காமல், நூலகம் ஓர் இலக்கத்தை வாங்கி அதில் தொடங்க வேண்டும். இரவல் மேசைத் தொலைபேசியாக அது இருக்கட்டும், மாலையில் பூட்டிவிட்டுப் போகலாம். பேஸ்புக் பக்கத்தைப் பழைய மாணவர்களுக்காக வைத்திருப்போம். அதற்கு என்னைத் தவிர இன்னும் இருவரையாவது நிர்வாகிகளாகச் சேர்க்கக் கேட்பேன். நான் இடமாற்றம் பெற்றாலோ கணக்கை மூடினாலோ பக்கம் அநாதையாகக் கூடாது. மாணவர்களின் நட்பு வேண்டுகோள்களை இனி ஏற்பதில்லை. ஏன் என்பதைச் சேனலிலேயே இரண்டு வரியில் எழுதிவிடுகிறேன், எவரும் மனம் நோகாமல்.

வலைத்தளத்தில் போடுவதெல்லாம் வாசலில் உள்ள அறிவித்தல் பலகையிலும் கட்டாயம் ஒட்டப்பட வேண்டும் என்று எழுதுகிறேன். இது பழைய ஆட்களின் பிடிவாதம் என்று ஒருவர் சொன்னார். இந்த நாட்டில் 2018 மார்ச்சில் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் முடக்கினார்கள். 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பின் முடக்கினார்கள். 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் முடக்கினார்கள். அந்த 2022இல்தான் மின்வெட்டு ஒரு நாளில் பத்து மணித்தியாலத்தையும் தாண்டிப் போனது. பலகைக்கு மின்சாரம் வேண்டாம்.

சொந்த வட்டில் கட்டுவதைப் பற்றி மாரிமழை அண்ணா எழுதியதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். 2009இல் எங்கள் வீட்டில் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்த சான்றிதழ்கள் மட்டும்தான் மிஞ்சின. படங்கள் எல்லாம் போய்விட்டன. தம்பியின் படம் எங்களிடம் இருப்பதே ஓர் அத்தை அதைக் கனடாவில் வைத்திருந்ததால்தான். வன்னியில் இப்படிச் சொல்லாத குடும்பம் குறைவு. அதனால் ஒரு நிறுவனத்தின் கணினியில் மட்டும் ஒன்றை வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க என்னால் முடியாது. ஓர்குட் 2014இல் மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019இல் மூடப்பட்டது. மைஸ்பேஸில் மக்கள் ஏற்றிவைத்த பல வருடப் பாடல்கள் இடமாற்றத்தின்போது அழிந்துபோனதாக அவர்களே 2019இல் சொன்னார்கள். நூலகப் பக்கத்தில் நாங்கள் போடும் படங்களும் பெரியவர்களின் ஒலிப்பதிவுகளும் முதலில் எங்கள் சொந்தக் களஞ்சியத்தில் சேர வேண்டும், பிறகுதான் வெளியே போக வேண்டும். பெரியவர்கள் சம்மதித்தால் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் மின்வடிவில் சேர்த்துவைத்து 2005இலிருந்து நடக்கும் 'நூலகம்' என்ற இணையத்தளத்துக்கும் ஒரு பிரதி கொடுக்கலாம். இந்தப் பகுதியைக் குழு வெட்டினால் திரும்பவும் எழுதிக் கொடுப்பேன்.

துருசுக்காரன் தம்பி, லுவான்டியைத் தரவிறக்கிவிட்டேன். உசாத்துணைப் பகுதிக் கணினியில் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. தண்ணீர் நீங்கள் சொன்னபடியேதான். முதலில் மண்ணைக் கொட்டிக் கட்டைப் போட்டுப் பார்த்தேன். கட்டின் உயரம், நீளம், துருசு எத்தனை அடி ஆழத்தில் என்பதெல்லாம் சரியாக வேண்டும். கண் மதிப்பில் போட்டால் ஊர்ப் பெரியவர்கள் முதல் பார்வையிலேயே பிழை பிடிப்பார்கள். இந்த அளவுகளை எங்கே கேட்பது?

துருசுக்காரன்:

அக்கா, 80 ஹெக்டேயருக்குக் குறைவாகப் பாயும் சிறிய குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. உங்கள் பிரதேச கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள், நூலகரின் கடிதத்தோடு போனால் நல்லது. புனரமைப்பு நடந்த குளம் என்றால் வரைபடம் இருக்கும். அதற்கு முன் கமக்காரர் அமைப்பின் தலைவரைக் கண்டு, துருசு பார்த்தவர் யார் என்று விசாரியுங்கள். வரைபடத்தில் வாய்க்காலுக்கு இலக்கம்தான் இருக்கும், பெயர் அவரிடம் இருக்கும்.

ஒரு கட்டி ஒரு மீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள், கணக்குச் சுலபம். பெரும்போகம் தொடங்கினால் எவரும் வீட்டில் இருக்கமாட்டார்கள், அதற்கு முதல் போய்விடுங்கள். ஒலிப்பதிவுக்கு நானும் வரலாம், சனிக்கிழமைகளில் வகுப்பு இல்லை.

நெடுங்கேணியாள்:

வாருங்கள் தம்பி. தலைவரை எனக்குத் தெரியும், அவருடைய மகள் என்னோடு படித்தவள். இன்றிரவே அவளிடம் கதைத்துவிட்டு எந்தச் சனிக்கிழமை என்று எழுதுகிறேன். மூன்றாம் வருடத் தம்பிக்கும் வர விருப்பம் என்றால், காலித் தோழனையும் கூட்டிக்கொண்டு வரட்டும். பெயர்களைச் சிங்களத்தில் எழுத எங்களுக்கு ஓர் ஆள் வேண்டும்.